கருவி பூஜ்யம் காட்டுகிறது, இறங்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்

வாயு அளவிடும் கருவிகளைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிப் பேர் தங்கள் கம்பெனியில் நடப்பதையெல்லாம் விலாவாரியாக எழுதிவிட்டு, கடைசியில் ‘பெயரைப் போட்டுவிடாதீர்கள்’ என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும். நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இந்தக் கருவிகளைப் பிரித்து, துடைத்து, வாயு காட்டி, அளவைச் சரிசெய்து கொடுப்பவள். நாசூக்காகப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ராணிப்பேட்டை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய மேற்பார்வையாளர்: அம்மா, எங்களிடம் இருக்கும், நான்கு வாயுக்களை அளக்கும் கருவிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேலிபரேஷன் (அளவு திருத்தம்) செய்து சான்றிதழ் வாங்கிவிடுகிறோம். இப்போது இருப்பது மார்ச் வரை செல்லும். ஆனாலும் தொட்டியில் ஆள் இறங்கும் ஒவ்வொரு நாளும் வாயு காட்டிப் பார்க்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்தச் சோதனை வாயு சிலிண்டர் தண்டச் செலவு என்கிறார் எங்கள் மேலாளர். யார் சொல்வது சரி?

கையேடு சொல்வதுதான். எங்கள் மேசையில் இருந்த அன்றைக்கு உங்கள் கருவி எப்படி இருந்தது என்பதற்குத்தான் சான்றிதழ் சாட்சி. மறுநாள் அது யாருடைய இடுப்பிலிருந்தோ சேற்றில் விழுந்திருக்கலாம். வேன் முகப்பில் மே மாத வெயிலில் மத்தியானம் முழுக்கக் காய்ந்திருக்கலாம். அதெல்லாம் மார்ச் வரை செல்லும் தாளுக்குத் தெரியாது.

சென்சார்கள் சாகும் விதத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஈயம் கரைந்து வேலை செய்யும் வழக்கமான ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். 20.9 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல இறங்கி, 19.5-க்கு வந்ததும் அலாரம் அடித்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவுக்கான சென்சார் அப்படியல்ல. காற்று சுத்தமாக இருந்தால் திரையில் 0. சென்சார் செத்திருந்தாலும் திரையில் 0. முகப்பில் இருக்கும் சின்ன வடிகட்டியைச் சேறு அடைத்துக்கொண்டிருந்தாலும் அதே 0. மூன்றையும் பிரித்துச் சொல்ல எந்த மேற்பார்வையாளராலும் முடியாது. காலையில் கருவியை ஆன் செய்ததும் ‘பீப்’ என்று கத்தி, விளக்கு எரிந்து, அதிர்ந்து காட்டுகிறதே, அது பேட்டரிக்கும் மின்சுற்றுக்கும் கிடைத்த நற்சான்று. சென்சாரைப் பற்றி அது அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. தெரிந்த அளவுள்ள வாயுவைக் காட்டி, எண் எழும்புகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.

அதிலும் உங்களுடையது தோல் பதனிடும் ஊர். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுடன் அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஏறக்குறைய 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வந்ததும் மூக்கு மரத்துவிடும். ‘நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம்’ என்று நினைக்கும் அந்த நேரம்தான் உச்ச ஆபத்து. இன்னொன்று: மேலிருந்து அளந்தபோது சாதுவாகக் கிடக்கும் சேறு, கம்பால் கிளறியதும் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் விடும். ஆகவே இறங்குவதற்கு முன் அளந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஆளை இறக்காமல் இயந்திரத்தால் செய்ய முடிந்த வேலைக்கு ஏன் ஆளை இறக்குகிறீர்கள் என்பதும் என் கேள்வி.

மேலாளருக்குக் கணக்குச் சொல்லுங்கள். 34 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட்டம் என்றால் 68 நிமிடம் வரும். ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் அறுபதுக்கு மேல் பார்த்துவிடலாம். அவர் சட்டம் கேட்டால் அதுவும் புதிதல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு, மூச்சுக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் இல்லாமல் ஆள் உள்ளே போவதென்றால், தகுதியுள்ள ஒருவர் ‘தானே செய்த சோதனையின்’ அடிப்படையில் எழுதித் தர வேண்டும் என்றது. ஆறு மாதத்துக்கு முன்னால் அம்பத்தூரில் யாரோ செய்த சோதனை அதில் அடங்காது.

கும்மிடிப்பூண்டி: ஒரே சிலிண்டரை இரண்டு கருவிக்கும் காட்டினோம். மீத்தேன் 2.5 சதவீதம் என்று லேபிளில் இருக்கிறது. ஒரு கருவி 50 எல்.இ.எல். காட்டுகிறது, மற்றது 57. எதைத் திருப்பி அனுப்புவது?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் மீத்தேன் குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் தீப்பற்றும் என்பதுதான் எல்.இ.எல்.; அதில் எத்தனை சதவீதம் வந்துவிட்டது என்பதைத்தான் கருவி காட்டுகிறது. அந்த எல்லைக்குப் புழக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 5 சதவீதம் என்பது பழைய கணக்கு, இன்றும் பல கருவிகளில் அதுதான். பிந்தைய ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலையில் அது 4.4 சதவீதம். 2.5 என்பது 5-இல் 50 சதவீதம், 4.4-இல் 57 சதவீதம். உங்கள் கருவிகள் ஆளுக்கொரு கணக்கில் சரியாகவே சொல்கின்றன. 57 காட்டுவதைப் பிடித்து இழுத்து 50-இல் உட்கார வைத்துவிடாதீர்கள், அதுதான் தவறாகப் போய்விடும். கருவியின் அமைப்புப் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சிலிண்டர் லேபிளில் ‘சதவீத எல்.இ.எல்.’ வரியை விட்டு ‘சதவீத கொள்ளளவு’ வரியைப் படியுங்கள்.

உங்களுடையது பெயின்ட் ஆலை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கவலை இந்த ஏழு புள்ளியில் இருக்கக் கூடாது. மீத்தேனை வைத்து அளவு திருத்திய கருவி, தின்னர் ஆவி இருக்கும் இடத்தில் உண்மை அளவில் பாதியே காட்டக்கூடும். கனமான ஆவி சென்சாருக்குள் மெதுவாகத்தான் நுழையும். கருவித் தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணி அட்டவணையை எடுத்து, உங்கள் கரைப்பானுக்கு எத்தனையால் பெருக்க வேண்டும் என்று பாருங்கள்.

ஆத்தூர், சேலம் மாவட்டம்: எங்கள் ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுத்து எரிக்கிறோம். நல்ல நீல ஜுவாலை வருகிறது. ஆனால் புதிதாக வாங்கிய எரிவாயுக் கருவியைக் குழாய் முனையில் வைத்தால் முதலில் சர்ரென்று ஏறி, பிறகு 0-க்கு வந்துவிடுகிறது. விற்றவர் ‘கேலிபரேஷன் போய்விட்டது’ என்று மறுபடியும் பணம் கேட்கிறார்.

பணம் கொடுக்காதீர்கள். கருவி நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் அதைத் தவறான இடத்தில் வைத்தீர்கள். விற்றவருக்கு இது தெரியாதென்றால் அவர் வேறு ஏதாவது விற்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இந்த வகைச் சென்சாரின் மூடியைக் கழற்றினால் குண்டூசித் தலை அளவில் இரண்டு மணிகள் தெரியும். ஒவ்வொன்றின் உள்ளேயும் மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள். மின்சாரம் அதை 500 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வைத்திருக்கிறது. ஒரு மணியின் மேல் வினையூக்கி பூசியிருக்கும், மற்றதில் இருக்காது. மீத்தேன் கலந்த காற்று வந்தால் பூசிய மணியின் மேல் அது சுடரில்லாமல் எரியும். சூடு கூடும், கம்பியின் மின்தடை கூடும், பூசாத மணியோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தைக் கருவி எண்ணாக மாற்றும். ஆக, நீங்கள் பார்க்கும் எண் என்பது எரிந்த சூட்டின் அளவு.

எரிய என்ன வேண்டும்? ஆக்சிஜன். உங்கள் குழாயில் வருவதோ மீத்தேனும் கரியமில வாயுவும். காற்று கலந்திருந்த முதல் நொடியில் எரிந்து எண் ஏறியது. பிறகு வாயுவே முழுக்க நிரம்பி, எரிக்க ஆக்சிஜன் இல்லாமல் 0-க்கு இறங்கியது. அறுபது சதவீத மீத்தேனுக்கு நடுவில் நின்றுகொண்டு ‘வாயு இல்லை’ என்று அந்தத் திரை சொல்லும். ஏறியபோது வந்த எச்சரிக்கையை அழித்துவிடாமல் நிறுத்தி வைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. உங்களுடையதில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கருவியைக் குழாய் இணைப்புகளில் கசிவு பார்க்க, அறையின் காற்றைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் மீத்தேன் எத்தனை சதவீதம் என்று அறிய அகச்சிவப்புக் கதிர் வகைக் கருவி வேண்டும், அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை.

இந்த மணிகளுக்கு ஒரு நோயும் உண்டு. சிலிக்கோன் கலந்த ஸ்பிரே, பாலிஷ், சீலன்ட் இவற்றின் ஆவி பட்டால் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். உங்கள் வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதை மந்தமாக்கும். அப்படி மந்தமாகும் சென்சார் முதலில் இழப்பது மீத்தேனைக் காட்டும் திறனைத்தான், ஏனென்றால் எரிப்பதற்கு மிகக் கடினமானது மீத்தேன்தான். புரொப்பேன் காட்டினால் எண் நன்றாகவே ஏறும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள். உங்களிடம் இருப்பது மீத்தேன் என்றால் மீத்தேன் சிலிண்டராலேயே சோதியுங்கள். வேலை செய்யும்போது பெல்ட்டுக்கு ஸ்பிரே அடிக்கிறவரிடம் கருவியைக் கொடுக்காதீர்கள்.

மணலி: ஆக்சிஜன் அளவு சில நாள் காலையில் 20.2 காட்டுகிறது, ஏசி அறைக்குள் போனால் 21-ஐத் தாண்டுகிறது. 19.5-க்கு மேல்தானே, தொட்டியில் இறங்கினால் பரவாயில்லையா?

ஏசி அறையில் கூடுவதற்குக் காரணம் நம் ஊர் ஈரப்பதம். 35 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் காற்றில் நான்கு சதவீதத்துக்கு மேல் நீராவியே இருக்கும். அது மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கும். வறண்ட காற்றில் 20.9 இருக்கும் ஆக்சிஜன் அப்போது 20.0 அளவில்தான் இருக்கும். அந்தப் புழுக்கத்தில் நின்று கருவியை 20.9 என்று ‘செட்’ செய்துவிட்டு ஏசி அறைக்குள் போனால் எண் எகிறத்தான் செய்யும். ஏசி அறையில் செட் செய்துவிட்டு வெளியே வந்தால் இறங்கும்.

ஆனால் ‘19.5-க்கு மேல்தானே’ என்ற அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். வேறொரு வாயு நுழைந்து ஆக்சிஜனை 0.1 சதவீதம் குறைத்திருக்கிறது என்றால், நுழைந்த வாயு 0.5 சதவீதம், அதாவது 5,000 பிபிஎம். 20.9 என்பது 20.8 ஆவதற்குள் இவ்வளவு. நுழைந்தது நைட்ரஜன் என்றால் பெரிதில்லை. கார்பன் மோனாக்சைடு என்றால் அது உயிர் போகும் அளவு. உங்கள் கருவியில் சென்சார் இல்லாத ஏதோ ஒரு வாயு என்றால், அதைச் சொல்ல இருப்பது இந்த ஆக்சிஜன் எண் மட்டுமே. ஆகவே அலாரம் எல்லையோடு ஒப்பிடாதீர்கள். தொட்டிக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் நின்று ஒரு எண், உள்ளே குழாய் விட்டு ஒரு எண், இரண்டையும் ஐந்து நிமிட இடைவெளிக்குள் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஈரப்பதம். உள்ளே குறைவாக இருந்தால் காரணம் தெரியும்வரை யாரும் இறங்க வேண்டாம். உறிஞ்சும் குழாய் நீளமானால் வாயு வந்து சேர நேரம் ஆகும் என்பதால், ஒவ்வொரு ஆழத்திலும் எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள்.

ஜீரோ செய்யும் இடத்தையும், அதாவது சுத்தமான காற்றில் நின்று கருவியைப் பூஜ்யத்தில் வைக்கும் இடத்தையும் பாருங்கள். டீசல் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று ஜீரோ அழுத்தினால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடைக் கருவி ‘இதுதான் சுத்தம்’ என்று எழுதிக்கொள்ளும். அதன் பிறகு அவ்வளவு குறைத்தே காட்டும்.

தூத்துக்குடி, ஐஸ் ஆலை: அமோனியா அலாரத்தைச் சோதிக்க லைக்கர் அமோனியா (அமோனியா கரைந்த நீர்) பாட்டிலைத் திறந்து அதன் அருகில் பிடிக்கிறோம். உடனே அடிக்கிறது. இது போதாதா? கந்தகத் திரியும் வைத்திருக்கிறோம்.

அடிக்கிறது என்றால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பிபிஎம்-இல் அடித்தது என்பது பாட்டிலுக்குத் தெரியுமா? அமோனியாவுக்கு எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 25 பிபிஎம், கால் மணி நேரத்துக்கு 35. பாட்டில் வாயில் வருவது அதைப் போலப் பல மடங்கு. 300-இல்தான் விழித்துக்கொள்ளும் சோம்பேறிச் சென்சாரும் பாட்டிலுக்கு உடனே அடித்துவிடும். பலவகை அமோனியா சென்சார்களில் வாயு பட்டுப் படவே உள்ளே இருக்கும் வேதிப்பொருள் தீரும். பாட்டில் காட்டி ஒவ்வொரு வாரமும் அதன் ஆயுளை நீங்களே குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 50 பிபிஎம் சிலிண்டர் ஒன்று வாங்குங்கள். காட்டும்போது பொறுமை வேண்டும், அமோனியா குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதமாகத்தான் சென்சாருக்கு வரும். சாதாரண ரப்பர் குழாய் வேண்டாம், டெஃப்ளான் குழாயைக் குட்டையாக வெட்டிப் போடுங்கள்.

கந்தகத் திரி நல்ல பொருள், விட்டுவிடாதீர்கள். எந்த வால்வில் கசிகிறது என்பதை வெள்ளைப் புகையாகக் கண்ணுக்கே காட்டிவிடும், அந்த வேலையில் கருவியைவிடக் கெட்டி. எவ்வளவு என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது.

சென்சாரைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது எல்பிஜி-க்குப் பொருத்தம். அமோனியா காற்றைவிட இலேசு, கூரைப் பக்கம் போகும். மேலே ஏற்றுங்கள். ஆனால் திரவமாகப் பீய்ச்சி வரும் பெரிய கசிவில் குளிர்ந்த மூடுபனியாகத் தரையோடு படர்வதும் உண்டு. ஆகவே கம்ப்ரஸர் அறையில் மேலே ஒன்று, திரவம் நிற்கும் ரிசீவர் பக்கம் கீழே ஒன்று என்று இரண்டாக வைத்தால் நிம்மதி.

திருச்சி, மாணவர்: இந்தத் துறையில் வேலை கிடைக்குமா? என்ன படிக்க வேண்டும்?

கிடைக்கும். ஐடிஐ-யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவு இருக்கிறது, அல்லது பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. ஓம் விதியும் வீட்ஸ்டன் பாலமும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்து புரியும்படி இருந்தால் கூடுதல் மதிப்பெண், எங்கள் வேலையில் பாதி பதிவேடு எழுதுவது.

ஓசூர்: கேலிபரேஷன் செய்ய வந்தவர் பத்து நிமிடத்தில் எட்டுக் கருவியையும் முடித்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சான்றிதழ் அழகாக இருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பத்து நிமிடத்தில் எட்டா? வாயு காட்டி எண் நிலைத்து நிற்க ஒரு சென்சாருக்கே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அவர் சிலிண்டர் கொண்டுவந்தாரா என்று காவலாளியிடம் கேளுங்கள், வாயில் பதிவேட்டில் இருக்கும்.

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது, திருத்துவதற்கு முன் காட்டிய எண், திருத்திய பின் காட்டிய எண் என்ற இரண்டு கட்டங்கள். முன் காட்டிய எண்தான் உங்களுக்கு முக்கியம். 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்ஃபைடை அதற்குக் காட்டியபோது கருவி 14 என்றது என்றால், கடந்த சில மாதங்களாக உங்கள் ஆட்கள் எந்தக் கருவியை நம்பி இறங்கினார்கள் என்பது அதில் இருக்கிறது. இடைவெளியை ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைப்பதா என்று முடிவெடுக்க வேறு ஆதாரமே கிடையாது. பின் காட்டிய எண் எல்லாருக்கும் சரியாகத்தான் வரும், திருத்தியதே அதற்காகத்தானே.

அடுத்து சிலிண்டர் விவரம்: எண், அளவு, பிழை எல்லை, காலாவதித் தேதி. அந்த வாயுவின் அளவு யாரால் சரிபார்க்கப்பட்டது, அந்தச் சங்கிலி தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற ஒரு தேசிய நிறுவனத்தில் போய் முடிகிறதா என்றும் பாருங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் என்று போட்டிருந்தால், உங்கள் வாயுவும் உங்கள் அளவும் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் தேடுங்கள். தராசுக்கு வாங்கிய அங்கீகாரத்தை வாயுச் சான்றிதழில் அச்சிட்டு நான் பார்த்திருக்கிறேன்.

காலாவதியான சிலிண்டரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீத்தேனும் ஆக்சிஜனும் அவ்வளவாக மாறாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிண்டர்ச் சுவரோடு வினைபுரிந்து குறைந்துகொண்டே வரும். 25 என்று எழுதிய சிலிண்டரில் 20 இருக்க, கருவியை 25-க்கு ஏற்றி வைத்தால், அது பிறகு கூட்டியே காட்டும். அதில் உயிருக்கு ஆபத்தில்லை, நல்ல சென்சாரைக் குப்பையில் போடும் நஷ்டம்தான். ஆபத்தானது இன்னொன்று: நிமிடத்துக்கு அரை லிட்டர் விடும் ரெகுலேட்டருக்குப் பதில் கைக்குக் கிடைத்ததை மாட்டி வேகமாக வாயு விடுவது. வேகத்தில் எண் கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் கீழே இறக்கி வைப்பார்கள், களத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும்.

முன் காட்டிய எண்ணுக்கான கட்டம் உங்கள் தாளில் காலியாக இருந்தால் பில்லை நிறுத்தி வையுங்கள்.

மதுரை, இல்லத்தரசி: என் கேள்வி தொழிற்சாலை பற்றியது அல்ல. சமையலறையில் மாட்டியிருக்கும் எல்பிஜி அலாரம், மகன் வாசனைத் திரவியம் அடித்தாலும் கத்துகிறது. கழற்றி வைத்துவிட்டேன். தவறா?

தவறு, திரும்ப மாட்டுங்கள். வீட்டு அலாரங்களில் பெரும்பாலும் இருப்பது வெள்ளீய ஆக்சைடு சென்சார். எரியும் தன்மையுள்ள எந்த ஆவி வந்தாலும் அதற்கு ஒன்றுதான். வாசனைத் திரவியத்திலும் கை சுத்திகரிப்பானிலும் இருக்கும் ஆல்கஹாலை அது கேஸ் என்றே எடுத்துக்கொள்ளும். கத்துவதால் உயிரோடு இருக்கிறது என்று தெரிகிறதே! மகனை வேறு அறையில் அடிக்கச் சொல்லுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஈரத் துணியும் தண்ணீரும் படாத சுவரில் மாட்டுங்கள். இந்தச் சென்சார்களுக்கும் ஆயுள் உண்டு. எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று பின்பக்கம் ஒட்டியிருப்பார்கள். கழற்றித்தானே வைத்திருக்கிறீர்கள், மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.